பூக்காத வாரத்தின் கணக்கு

என் கொன்றை மரம் பருவம் தப்பிப் பூக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுண்டு. வெளியே சொல்லக் கூசுகிற ஆசை. பிப்ரவரி மாதங்களில் மைசூரு வீட்டு மாடியில் நின்று, கிளை நுனியில் மொட்டு ஏதும் தெரிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்க்கும்போதெல்லாம், தெரிந்துவிட வேண்டும் என்றுதான் மனம் அடித்துக்கொள்ளும். தெரிந்தால், பருவம் குலைந்துவிட்டது என்று நான் பல வருடமாகச் சொல்லி வருவதற்கு வாசலிலேயே ஒரு சாட்சி கிடைத்துவிடும். மரம் நன்றாக இருக்க வேண்டும் என்பதைவிட, நான் சொன்னது பலிக்க வேண்டும் என்பது பெரிதாகிப் போயிருந்தது. அந்த மனத்தை வழிக்குக் கொண்டுவந்தது எந்தப் புத்தகமும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை மரத்தைப் பார்த்து, மூன்று சொற்களில் ஒன்றை எழுதும் வேலைதான்.

எனக்குச் சொந்த ஊர் கீழத்தஞ்சைப் பக்கம், கடைமடை. காவிரி கிளை பிரிந்து, ஆறாகி, வாய்க்காலாகி, கடைசியில் கடலுக்குச் சற்று முன்னால் எட்டிப் பார்க்கிற வயல்கள் எங்களுடையவை. கல்யாணமாகி வந்த ஊர் மைசூரு. வங்கி வேலையும் இங்கேயே அமைந்தது. கிருஷ்ணராஜ சாகர் அணை வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஒரே ஆற்றின் மேல் முனையில் நானும் கீழ் முனையில் அண்ணனும். அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டால் சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்னால் வரும் கேள்வி, "என்னா தங்கச்சி, அங்க அணை எத்தன அடி?" என்பதுதான். 124.80 அடி என்பது அணையின் முழு நீர்மட்டம். அந்த எண்ணைப் பிள்ளைகளின் பிறந்தநாளைப் போல எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆற்றை நம்பிய குடும்பத்தில் பிறந்தவளுக்குக் காலநிலை மாற்றம் என்பது செய்தித்தாள் விஷயமில்லை, வயிற்றில் புளி கரைக்கிற விஷயம். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளைப் பற்றி எது வந்தாலும் படிப்பேன். ராத்திரி தூக்கம் கெடும். காலையில் யாரைப் பார்த்தாலும், "பார்த்தீங்களா, மார்ச்சிலேயே இந்த வெயில்" என்று ஆரம்பிப்பேன். ஒரு மழை தவறினால் அதற்கும் அதுதான் காரணம். ஒரு மழை அதிகம் பெய்தால் அதற்கும் அதுதான். பயம் அப்படிப் பேச வைத்தது. பயம் நியாயமானதுதான், அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பேச்சால் யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரிந்துவிடவில்லை, எனக்கும்.

பெருந்தொற்றுக் காலம் முடிந்து வேலையை விட்டு வீட்டில் இருந்தபோதுதான் சீசன்வாட்ச் திட்டத்தைப் பற்றித் தெரியவந்தது. மைசூருவில் 1996இல் தொடங்கப்பட்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனம் நடத்துவது. யார் வேண்டுமானாலும் சேரலாம், படிப்போ பட்டமோ தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்துகொண்டு, வாரம் ஒரு நாள் அதைப் பார்த்துத் தளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, மலர், காய், பழம் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். குறிப்பதற்கு மூன்று சொற்கள்தான்: இல்லை, கொஞ்சம், நிறைய. மரத்தின் தழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் கொஞ்சம், அதற்கு மேலே என்றால் நிறைய. இந்தத் திட்டத்துக்கு இதுவரை வந்த தகவலில் பெரும்பகுதி கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் தந்தது என்று தெரிந்ததும், நாமும் பார்த்தால் என்ன என்று தோன்றியது. தெருமுனையில் நின்ற சரக்கொன்றையை எடுத்துக்கொண்டேன். கன்னடத்தில் அதைக் கக்கே மரம் என்பார்கள். சித்திரையில் அது மஞ்சளாகத் தொங்கும்போது தெருவே அதைப் பார்க்கும். மற்றப் பதினோரு மாதமும் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை.

பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பதினோரு மாதத்தில் எவ்வளவு நடக்கிறது என்று தெரிந்தது. காய் கறுத்து முழநீளத்துக்குத் தொங்கும். இந்தச் சித்திரையில் பூத்த பூவின் காய் முற்றி விழுவதற்கு அடுத்த ஆண்டு வந்துவிடும். அதனால் ஒரே கிளையில் பழைய ஆண்டின் கறுப்புக் காயும் புது ஆண்டின் பச்சைக் காயும் சேர்ந்து தொங்குவதைப் பார்க்கலாம். கோடை தொடங்கும்போது இலை பழுத்து உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும். பிறகு கிளை நுனியில் பச்சை மணி கோத்த சரம் போல மொட்டுக் கொத்து இறங்கும். அடியில் இருப்பது முதலில் விரியும், நுனியில் இருப்பது கடைசியில். பூ வந்ததும் தச்சன் வண்டுகள், உடம்பெல்லாம் கறுப்பாக, இறக்கையில் நீலம் மின்ன, கனமாக ரீங்கரித்துக்கொண்டு வரும். ஒரு பூவில் அது உட்கார்ந்தால் கொத்து முழுக்க ஆடும். மழை வந்து புதுத் தளிர் விடும்போது வேறொரு கூட்டம். எலுமிச்சை நிறம் ஏறிய வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் தளிரைச் சுற்றிச் சுற்றி வந்து முட்டையிடும். அதன் புழு தளிரைத்தான் தின்னும், முற்றிய இலை அதற்கு ஆகாது. தளிர் எப்போது வருகிறது, பட்டாம்பூச்சி எப்போது வருகிறது என்ற இரண்டும் பொருந்தி வந்தால்தான் அந்தப் புழு பிழைக்கும். காலநிலை மாறும்போது உயிர்களுக்கு இடையே உள்ள நேரப் பொருத்தம் தவறக்கூடும் என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்களே, அது என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தப் புழுவை உள்ளங்கை அகலத் தூரத்தில் பார்த்தபோதுதான்.

ஒரு பிப்ரவரியில், காய்ந்த கிளைகளின் நுனியில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. வழக்கமாக மொட்டு வரும் காலம் அதுவல்ல. கைபேசியைத் திறந்து 'மொட்டு' என்ற இடத்தில் 'கொஞ்சம்' என்பதைத் தொடப் போனேன். விரல் கண்ணாடிக்கு மேலே நின்றது. நான் உண்மையில் மொட்டைப் பார்த்தேனா, பச்சைப் புள்ளியைப் பார்த்தேனா? பச்சைப் புள்ளியைத்தான் பார்த்தேன். மொட்டு என்பது நான் விரும்பியது. கீழ்வீட்டுப் பையனிடம் பறவை பார்க்கும் தொலைநோக்கி இருந்தது. வாங்கிப் பார்த்தேன். பளபளவென்று, செம்பு கலந்த பச்சையில், மடித்து வைத்த கைவிரல்கள் போல இலைக் குருத்து. 'மொட்டு: இல்லை' என்று எழுதினேன். எழுதும்போது வந்தது ஏமாற்றம்! மரம் ஒழுங்காக இருப்பதைக் கண்டு ஏமாற்றமா என்று என்னை நானே கேட்டுக்கொண்ட கணம் அது. உலகத்துக்காக வருத்தப்படுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு பங்கு வருத்தம், எவ்வளவு பங்கு என் வாதத்தில் ஜெயிக்கும் ஆசை என்று அன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன்.

குறுந்தொகையின் 66ஆம் பாடல் எனக்கு அப்போது வேறு மாதிரி விளங்கியது. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை. கொன்றையோ பூத்துவிட்டது. உடைந்து போகிற தலைவியிடம் தோழி சொல்கிறாள்: இது கார்காலமே இல்லை, பருவமில்லாமல் பெய்த மழையை நம்பி இந்த அறிவுகெட்ட மரம் பூத்துவிட்டது. தோழிக்கு உண்மை தெரியும். தலைவியின் மேல் உள்ள அன்பால் மரத்தின் மேல் பழியைப் போடுகிறாள். சாட்சி தனக்கு வேண்டியதைச் சொல்ல வேண்டும் என்ற ஆசை அத்தனை பழையது. அவள் ஆறுதலுக்காகச் செய்தாள். நான் பயத்துக்காகச் செய்யப் பார்த்தேன். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சங்கப் பாடல்களில் கொன்றை காருக்குப் பூக்கிறது, நாம் பார்ப்பது சித்திரையில். ஈராயிரம் ஆண்டில் பருவம் புரண்டுவிட்டது என்று இதை வைத்துச் சொல்லத் தாவிவிடக் கூடாது. கோடையில் பொங்கிப் பூக்கிற கொன்றை, மழைக்குப் பின் இரண்டாம் தடவையும் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பூப்பதுண்டு. என் மரத்திலும் ஆவணியில் சில கொத்துகளைப் பார்த்திருக்கிறேன். புலவர் பார்த்தது எந்தப் பூப்பு என்று தீர்மானிக்க நம்மிடம் வரிசையான பதிவு எதுவும் இல்லை.

ஜப்பானின் கியோட்டோவில் அந்தப் பதிவு இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு முதலே அரசவைக் குறிப்புகளிலும் நாட்குறிப்புகளிலும் செர்ரி பூத்த நாளை எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் 2021இல் மார்ச் 26 அன்று அது முழுசாகப் பூத்தபோது, 1200 ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது. நம் நாட்டில் வானிலைத் துறை 1875இல் வந்தது. மழையை அன்று முதல் அளந்து வருகிறோம். ஆனால் மா பூத்த நாள், பலா பிஞ்சு விட்ட நாள், கொன்றை இலை உதிர்த்த நாள் இவற்றையெல்லாம் வரிசையாக எழுதிவைத்தவர்கள் அரிது. போதாக்குறைக்கு, குளிர்நாட்டு மரத்துக்கு வெப்பம் கூடினால் பூ சீக்கிரம் வரும் என்று ஓரளவு நேராகச் சொல்லிவிடலாம். நம் மரங்களுக்கு வெப்பம் மட்டும் போதாது. மண்ணின் ஈரம், முந்தைய மழை, பனிக்காலத்து இரவின் குளிர்ச்சி, பகலின் நீளம் என்று பல கயிறுகள் சேர்ந்து இழுக்கின்றன. ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கொன்றைகள்கூட ஒரே வாரத்தில் பூப்பதில்லை. ஆகவே ஒரு மரமும் ஓர் ஆண்டும் எதையும் நிரூபிக்காது. ஆயிரக்கணக்கான மரங்களை ஆயிரக்கணக்கான பேர் பல ஆண்டு பார்க்க வேண்டும். அதில் ஒருத்தி நான் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

'இல்லை' என்று எழுதுவது ஏன் முக்கியம் என்பதைப் பறவை பார்ப்பவர்களிடம்தான் முழுசாகக் கற்றேன். கீழ்வீட்டுப் பையன் விடியற்காலையில் குக்கரஹள்ளி ஏரிக்குப் போகும்போது நானும் போக ஆரம்பித்தேன். கூழைக்கடாவையும் நாரைகளையும் ரசிப்பதுதான் அவன் வேலை என்று நினைத்திருந்தேன். அவனோ காக்கையையும் மைனாவையும் விடாமல் எழுதினான். "பார்த்த எல்லாத்தையும் எழுதணும் ஆன்ட்டி. அப்பதான் எழுதாதது அங்க இல்லைன்னு அர்த்தம் ஆகும்" என்றான். பட்டியலில் குயில் இல்லாவிட்டால், பார்த்தும் எழுதவில்லையா, பார்க்கவே இல்லையா என்ற சந்தேகம் வரக் கூடாது. அந்த ஒரு விதிதான், பொழுதுபோக்காகப் பறவை பார்ப்பவர்களின் குறிப்புகளை அறிவியலுக்கு உதவும் தரவாக மாற்றுகிறது. இந்த முறையில்தான் 2014க்கும் 2016க்கும் நடுவில் மைசூரு நகரத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து, தன்னார்வலர்கள் நடந்து நடந்து பறவை வரைபடம் ஒன்றை உண்டாக்கினார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதே வழிதான். நாடு முழுவதும் சுமார் 30,000 பேர் இப்படி எழுதிய 3 கோடிக் குறிப்புகளிலிருந்து வந்ததுதான் 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கை. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்து வருகின்றன என்று அது சொல்கிறது. மீதி நூற்றுக்கணக்கான இனங்களுக்கு நீண்டகாலப் போக்கைச் சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு இப்போது நான் அதிக மரியாதை வைத்திருக்கிறேன்.

மைசூருவிலிருந்து ஊட்டி போகிற சாலை பந்திப்பூரைத் தாண்டி முதுமலைக்குள் நுழைகிறது. அந்தக் காட்டுக்குள் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, அதிலுள்ள மரம் செடி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, 1988 முதல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரின் குழுவினர் கவனித்து வருகிறார்கள். எது செத்தது, எது முளைத்தது, எதை யானை ஒடித்தது, எதைத் தீ சுட்டது என்று வருடா வருடம் கணக்கு. 19 ஆண்டுக் கணக்கை வைத்து மழைக்கும் மரச் சாவுக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தபோது, பெரிய மரங்களிடம் வறட்சி உடனே வேலையைக் காட்டுவதில்லை, சில ஆண்டு கழித்தே காட்டுகிறது என்று தெரிந்தது. யோசித்துப் பாருங்கள்: வறட்சி முடிந்து, மழை பெய்து, எல்லாரும் மறந்து, காடு பச்சையாக நிற்கும்போதுதான் மரம் சாய்கிறது. விடாமல் எண்ணியிருக்காவிட்டால் அந்தச் சாவுக்கு யாரும் அந்தப் பழைய வறட்சியைக் காரணம் சொல்லியிருக்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள் எத்தனையோ பேருடன் ஊட்டிக்குப் போகும்போது அந்தச் சாலையில் கார் ஜன்னல் வழியாக யானை தேடியிருக்கிறேன். இப்போது அந்த எண் பொறித்த மரங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆய்வாளர்கள் அளந்து பேசுவது முன்னால் எனக்கு எரிச்சலாக இருக்கும். வீடு பற்றி எரிகையில் 'எரியும் சாத்தியம் உண்டு' என்று சொல்கிறார்களே என்று கோபப்பட்டிருக்கிறேன். ஐபிசிசி அறிக்கையில் 'சாத்தியம்' என்று எழுதினால் 66 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, 'மிகவும் சாத்தியம்' என்றால் 90 சதவீதத்துக்கு மேல். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் எடைக்கல் இருக்கிறது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணோடு போயின. அந்த வாரத்து மழைதான் வயநாட்டில் பிறக்கிற கபினியையும் புரட்டி, எங்கள் நஞ்சன்கூடு வரைக்கும் கரையைத் தொட்டு ஓடவிட்டது. இரண்டு வாரத்தில் உலக வானிலைக் காரணவியல் ஆய்வுக் குழு தன் கணிப்பை வெளியிட்டது: மனிதரால் உண்டான வெப்பமேற்றம் அந்த ஒருநாள் மழையைச் சுமார் 10 சதவீதம் அதிகப்படுத்தியிருக்கிறது. மலைப்பகுதியின் சிறு பரப்பு என்பதால் இந்தக் கணக்கில் நிச்சயமின்மை அதிகம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். முந்தைய நானாக இருந்தால் அந்த 10 சதவீதம் எனக்குப் போதியிருக்காது. முழுப் பழியும் வேண்டியிருந்திருக்கும். இப்போது அந்த 10 சதவீதத்தை நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. ஏற்கெனவே நனைந்து ஊறிய மலைச்சரிவின் மேல் விழுந்த மழையில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு நாம் சேர்த்தது. அளந்து சொன்னதால்தான் அது அவ்வளவு கனக்கிறது.

அண்ணன் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 2023இல் மேட்டூர் அணை வழக்கம்போல ஜூன் 12 அன்று திறந்தது. நம்பிக் குறுவை நெல் போட்டார்கள். அந்த ஆகஸ்ட்டில் நாடு முழுவதும் மழை பொய்த்தது. 1901 முதல் உள்ள பதிவில் அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் வந்ததில்லை. குடகில் மழை இல்லை, கிருஷ்ணராஜ சாகரில் தண்ணீர் ஏறவில்லை. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடுவதை எதிர்த்து மண்டியாவில் சாலை மறியல், பெங்களூருவில் பந்த். மைசூரு வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கையில் இரண்டு பக்கத்து முகங்களும் எனக்குத் தெரிந்த முகங்களாகவே இருந்தன. காவிரியில் ஒரு சராசரி ஆண்டில் 740 டிஎம்சி என்று கணக்கிட்டு, அதைத்தான் 2007இல் நடுவர் மன்றம் பங்கிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய தண்ணீரை ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று வகுத்தது. எல்லாம் பழைய ஆண்டுகளின் ஓட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு. வரப்போகிற ஆண்டுகளும் பழைய ஆண்டுகளைப் போலவே இருக்கும் என்பது அதன் அடியில் கிடக்கும் நம்பிக்கை. நம்பிக்கை தவறுகிற ஆண்டில் இரண்டு ஊர் விவசாயியும் ஒருவரை ஒருவர் பகைவராகப் பார்க்கிறார்கள். மேட்டூரை அக்டோபர் 10 அன்று மூடினார்கள். கடைமடையில் எங்கள் குறுவை அதற்கு முன்பே கருகிவிட்டது. "கதிரு வர நேரத்துல நாக்கு வறண்டு நிக்கிது தங்கச்சி" என்று அண்ணன் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த ஆண்டு மேட்டூர் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. அதற்கடுத்த 2025இலோ, கிருஷ்ணராஜ சாகர் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக ஜூன் மாதத்திலேயே நிரம்பியது. அதே ஜூன் மாதம் 29 அன்று மேட்டூரும் 120 அடியைத் தொட்டது. ஊரெல்லாம் சந்தோஷம். இரண்டே ஆண்டுக்குள் இந்தக் கோடியும் அந்தக் கோடியும். 'பார்த்தீர்களா' என்று தொடங்க நாக்கு துடித்தது. ஆனால் மூன்று ஆண்டுகளைக் கோத்துக் காலநிலை என்று சொல்லிவிட முடியாது. உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியைத்தான் ஓர் இடத்தின் காலநிலையாகக் கொள்கிறது. கொதிக்கிற கடலும் ஈரம் கூடிய காற்றும் மழையை ஒரேயடியாகக் கொட்ட வைக்கின்றன என்பது உறுதியான அறிவியல். இந்த மூன்று ஆண்டுகளில் அதன் பங்கு எவ்வளவு என்பது தனியாக அளந்து சொல்ல வேண்டியது. இரண்டையும் குழப்பாமல் பேசக் கற்றதே எனக்குப் பெரிய நிம்மதியைத் தந்தது. பயம் போய்விடவில்லை. ஆனால் இப்போது அதற்கு ஓர் இடம் இருக்கிறது, அதன் இடத்தில் இருக்கிறது.

எதிர்வீட்டு அம்மா தி.நரசிபுரம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண், எண்பது வயதை நெருங்குகிறவர். நான் மரத்தை அண்ணாந்து நிற்பதைப் பார்த்து, "ஏனு நோட்தா இத்தீரா அம்மா?" (என்னம்மா பார்த்துக்கிட்டு இருக்கீங்க?) என்று கேட்டுப் பழக்கமானவர். அவருக்கு மழையெல்லாம் நட்சத்திரக் கணக்கு: அஸ்வினி மழை, பரணி மழை, கிருத்திகை மழை, ரோகிணி மழை. ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் பெய்கிற பரணி மழை நன்றாக விழுந்தால் அந்த ஆண்டு விளைச்சலுக்குக் கவலையில்லை என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. இப்போதெல்லாம் பரணி சொன்னபடி வருவதில்லை என்று வருத்தப்படுவார். முன்னால் இதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இப்போது அவர் சொல்வதை ஒரு கேள்வியாக எழுதிக்கொள்கிறேன். பரணி நாட்களின் மழை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதை வானிலைத் துறையின் பதிவை வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் அந்த இரண்டு வாரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் இவர்தான். எங்களூரில் ஆடிப்பட்டம், ஐப்பசி அடைமழை என்று சொல்கிறவர்களிடமும் இப்படிக் கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. குடகின் காபித் தோட்டங்களில் மழையைத் தினமும் அளந்து பேரேட்டில் எழுதுகிற வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நல்ல மழை விழுந்து, எட்டு பத்து நாளில் காபி வெள்ளை வெளேரென்று பூக்க வேண்டும், அந்த மழை தவறினால் ஆண்டே போச்சு என்பதால் வந்த பழக்கம். காவிரி பிறக்கிற இடத்தில் இப்படி எழுதுகிறார்கள், சேர்கிற இடத்தில் நாம் ஏன் எழுதவில்லை என்று தோன்றியது.

எழுதுவதற்கு மரமும் நிற்க வேண்டும். 2025 ஏப்ரலில் மைசூருவில் ஹைதர் அலி சாலையை அகலப்படுத்துவதற்காக 40 மரங்களை வெட்டினார்கள். மக்கள் கூடி, மெழுகுவத்தி ஏற்றி, அழுதார்கள். நிழலும் கூடும் போனது எல்லாருக்கும் தெரிந்தது. இன்னொரு இழப்பும் உண்டு: முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு நின்ற மரத்தை வெட்டினால், அதைப் பார்த்து எழுதியிருக்கக்கூடிய எல்லா ஆண்டுகளும் சேர்ந்து போகின்றன. புதுக் கன்று நட்டால் நிழல் ஒரு நாள் திரும்பும். தொடர்ச்சி திரும்பாது. என் மரத்துக்கு மேலே மின்கம்பி போகிறது, கிளை வெட்ட வருகிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் கெஞ்சிப் பேச வேண்டியிருக்கிறது. இதுவும் அந்த வேலையின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்டுவிட்டேன். முப்பது ஆண்டுக் கணக்கு முடியும்போது நான் இருக்க மாட்டேன் என்பதும் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஊருக்குப் போனபோது அண்ணனுக்கு ஒரு மழைமானி வாங்கிக் கொண்டுபோனேன். களத்து மேட்டில், மரமும் கூரையும் மறைக்காத இடமாகப் பார்த்து நட்டோம். ஒரு நீள நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன்: தேதி, மழை எத்தனை மில்லிமீட்டர், வாய்க்காலில் தண்ணீர், நடவு, கதிர். 2023இல் கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் வந்தபோது, எந்த வயல் எப்போது காய்ந்தது என்று சொல்ல ஊரில் ஒருவரிடமும் எழுத்தில் ஒன்றுமில்லை. அதனால் நோட்டின் உபயோகத்தை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் போன மாதம் கேட்டார்: "மழ பேஞ்சா எழுதுறேன். தண்ணி வந்தா எழுதுறேன். ஒண்ணுமே வராத நாளுல என்னத்த எழுதுறது?"

"ஒண்ணும் வரலன்னு எழுதுங்கண்ணே. பூச்சியம் போடுங்க. வெறுமனே விட்டுடாதீங்க."

"வராததுக்கு ஒரு கணக்கா?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, விட்டுப்போன நாட்களை இப்போது நினைவிலிருந்து எழுதி நிரப்பலாமா என்று கேட்டார். வேண்டாம், அந்தக் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு இன்றைக்கு உள்ளதிலிருந்து எழுதுங்கள் என்றேன்.